பரணிலிருந்து இறங்கிய பழைய ஒயர் கூடைப் பெட்டி: பின்னும்போது வரும் கோளாறுகளும் சரிசெய்யும் விதமும்

கோடை விடுமுறையில் பிள்ளைகள் வெயிலில் அலையாமல் இருக்க, ஒயர் வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பது 80களிலும் 90களிலும் தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணம். நாலைந்து நிறத்தில் ஒயர் கட்டு, ஒரு கத்தரிக்கோல், பாதியில் நின்றுபோன டேபிள் மேட், அடி மட்டும் முடிந்த ஒரு குட்டிக் கூடை. பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்ப் பரணில் ஏறிவிடும். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்து, கடைக்குக் கூடை தூக்கும் பழக்கம் திரும்பியபோது, பல வீடுகளில் அந்த டின்னும் கீழே இறங்கியது. அம்மா விட்ட இடத்திலிருந்து மகளோ பேத்தியோ தொடர்கிறார்கள்.

விடுமுறை நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கூடை பின்னச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் கொண்டு வருவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பழைய பெட்டிதான். வரும் கோளாறுகளும் திரும்பத் திரும்ப அவையேதான். அதனால் கோளாறு வாரியாக எழுதுகிறேன். உங்களிடம் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கை வலிக்கும் வேலையும் காசு செலவாகும் வேலையும் கடைசியில்.

இரண்டு பெயர்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலிருந்து வெட்டாமல், வரிசை வரிசையாகக் கூடையைச் சுற்றி ஓடுவது ரன்னிங் ஒயர். அளவாக வெட்டி, கீழிருந்து மேலே ஏறுவது நெடுக்கு ஒயர். பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை: முனை மழுங்கிய கோணூசி, மூக்குக் குறடு, இன்ச் டேப், துணி கிளிப் நாலு, கொஞ்சம் நூல்.

இன்னொன்று. கோளாறு கண்ணில் படுகிற இடத்தில் அதன் காரணம் அனேகமாக இருக்காது. இரண்டு மூன்று வரிசை கீழே இருக்கும், சிலசமயம் அடியிலேயே இருக்கும். கூடையின் வாயில் தெரியும் கோணலை அங்கேயே இழுத்துச் சரிசெய்யப் பார்ப்பதால்தான் பாதிக் கூடைகள் கெட்டுப்போகின்றன.

## ஒயரை மடித்தால் வெடிக்கிறது

பெட்டியைத் திறந்ததும் பின்ன உட்காராதீர்கள். கட்டின் வெளிச்சுற்றிலிருந்து ஒரு விரல் நீளம் வெட்டி, இரண்டாக மடித்து, மடிப்பை நகத்தால் நன்றாக அழுத்துங்கள். பத்து எண்ணிவிட்டு விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெறும் தடம் மட்டும் இருந்தால் ஒயர் நல்ல ஒயர். தடத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் சந்தேகம். அந்தக் கோட்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அதை அப்படியே பின்னக் கூடாது. ஒவ்வொரு முடிச்சிலும் ஒயர் பல இடத்தில் மடிகிறது. ஒரு மடிப்பு விட்டாலும் கூடையில் ஓட்டை விழும். அதுவும் பின்னும்போது விடாது, கூடையில் தக்காளி ஏறிய பிறகுதான் விடும்.

வெளிச்சுற்று மட்டும் வெடிக்கிறது, உள்ளே நன்றாக இருக்கிறது. வெயிலும் வெளிச்சமும் பட்ட பாகம் அது. இரண்டு மூன்று சுற்று அவிழ்த்து மறுபடி மடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழாத இடம் வரை வெட்டி எறிந்துவிட்டால் மீதிக் கட்டு உபயோகமாகும். நிறம் எங்கே மங்கலிலிருந்து பளிச்சென்று மாறுகிறதோ, அங்கேதான் பெரும்பாலும் வெட்டும் இடம் வரும்.

உள்ளேயும் விறைப்பாக இருக்கிறது, ஆனால் வெடிக்கவில்லை. சுடுநீர் போதும். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டு, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை விரலால் தேய்த்துவிடுங்கள். துண்டு மூழ்கினால் அது பி.வி.சி. வகை, சூட்டுக்கு நன்றாக இளகும். மிதந்தால் பாலிதீன் மாதிரி வேறு வகை. அதற்குச் சுடுநீர் பெரிதாக ஒன்றும் செய்யாது. மூழ்கும் ஒயரை, கை பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம் ஊற வைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு உடனே பின்னத் தொடங்குங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். ஒயர் குழைந்து நீண்டுவிடும், ஒரே கட்டில் அகலம் இடத்துக்கு இடம் மாறிப்போகும். ஒரே சமயத்தில் முழுக் கட்டையும் ஊறவைக்காமல், ஒரு வரிசைக்கு வேண்டியதை மட்டும் ஊறவையுங்கள்.

சுடுநீரில் இளகுகிறது, ஆறியதும் மறுபடி வெடிக்கிறது. ஒயரை மிருதுவாக வைத்திருந்த இளக்கிப் பொருள் வருடக்கணக்கில் வெளியேறிவிட்டது. அது திரும்ப உள்ளே போகாது. தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகும் என்று சொல்வார்கள், தடவிப் பார்க்க வேண்டாம். மேலே வழுக்கும், தூசி ஒட்டும், முடிச்சு நிற்காது. உள்ளே விறைப்பு அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட ஒயரை முடிச்சுப் போடும் வேலைக்கு எடுக்காமல், ஒன்று மேல் ஒன்று கீழாக ஓடும் தட்டைப் பின்னலுக்கு எடுங்கள். சுவரில் மாட்டும் தட்டிக்கோ பூச்சாடிக்கு அடியில் போடும் குட்டிப் பாய்க்கோ அது போதும். அங்கே மடிப்பு ஓரத்தில் மட்டும்தான் வரும். அந்த ஓரத்தையும் மடிக்காமல் துணி நாடா வைத்துத் தைத்துவிடலாம்.

தொட்டாலே தூளாக உதிர்கிறது. தூக்கிப் போடுங்கள். மனது கேட்காவிட்டாலும் போடுங்கள்.

குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். நுனி பிரியாமல் இருக்கத் தீக்குச்சியால் சுட்டு ஒட்டும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் வாயு அது.

புது ஒயர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், பழைய ஒயரில் ஒரு சாண் வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நிறத்தைவிட அகலம்தான் முக்கியம். பழையதில் பத்துத் துண்டு, புதியதில் பத்துத் துண்டு நெருக்கி அடுக்கி அகலத்தை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் ஒரு ஒயர் அகலம் வித்தியாசம் வந்தால், இரண்டையும் ஒரே கூடையில் கலக்க வேண்டாம்.

## ஒயர் பிசுபிசுக்கிறது, வாடை வருகிறது

இதுவும் அதே கதையின் மறுபக்கம்தான். இளக்கிப் பொருள் வெளியே வந்து மேற்பரப்பில் நிற்கிறது. சில பெட்டிகளில் ஒயர் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து இளகியிருக்கும்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் உருவித் துடைத்து, நிழலில் கொடியில் தொங்கவிடுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் வேண்டாம். பிசுக்கு போகும், ஒயரும் போகும். காய்ந்த பிறகு ஒரு வாரம் விட்டுத் தொட்டுப் பாருங்கள். மறுபடி ஒட்டாவிட்டால் பின்னலாம். மறுபடி ஒட்டினால் அது நிற்காது, பின்னி முடித்த கூடையிலும் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த இடத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். பழைய பி.வி.சி. பொருட்களில் ஈயச் சேர்மங்கள் சேர்ப்பது பரவலான வழக்கமாக இருந்தது. கையில் பிடித்துப் பின்னுவதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் முடிச்சை இறுக்கப் பிள்ளைகள் எல்லோரும் செய்யும் ஒரு வேலை உண்டு: ஒயர் நுனியைக் கடைவாயில் கடித்துக்கொண்டு கையால் இழுப்பார்கள். பழைய ஒயரில் அதை முதல் நாளிலேயே நிறுத்துங்கள். கையில் குறட்டைக் கொடுத்துவிட்டால் பல்லுக்கு வேலை இருக்காது. பின்னி எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பழைய ஒயரில் பின்னிய கூடையில் துணி, நூல், பொம்மை வைக்கலாம். தோல் உரிக்காமல் தின்னும் பழம், பலகாரம் வைக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்கும் வயதில் வீட்டில் குழந்தை இருந்தால், பழைய பெட்டியை எடுக்காமல் புது ஒயர் வாங்கிவிடுவதே நல்லது.

## ஒயர் முறுக்கிக்கொண்டு வருகிறது

கட்டை நடுவிலிருந்து உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். கட்டை ஒரு பாட்டிலிலோ உலக்கையிலோ மாட்டி, கட்டு சுழல ஒயர் வெளியே வரும்படி வையுங்கள். ஏற்கெனவே முறுக்கு ஏறிய ஒயரை, நுனியைக் கீழே தொங்கவிட்டுத் தூக்கிப் பிடித்தால் தானே சுழன்று விடும்.

மடிந்து கிடந்து தடம் விழுந்த இடங்களைச் சுடுநீரில் முக்கி, இரண்டு விரலுக்கு நடுவில் உருவினால் போதும். தடம் போகாத இடத்தை முடிச்சுக்குள் மறைத்துவிடலாம் என்று தோன்றும். அந்த இடம் ஏற்கெனவே நொந்துபோனது. வெட்டிவிடுங்கள்.

## முடிச்சு தளர்ந்து தளர்ந்து வருகிறது

எல்லா முடிச்சும் தளர்வு. இறுக்கும் முறையைப் பாருங்கள். முடிச்சிலிருந்து நாலு பக்கமும் ஒயர் வெளியே வருகிறது. பிள்ளைகள் ரன்னிங் ஒயரை மட்டும் இழுப்பார்கள், ஏனென்றால் கையில் இருப்பது அதுதான். நெடுக்கு ஒயரையும் மேலே ஒரு இழு, கீழே ஒரு இழு இழுத்தால்தான் முடிச்சு உட்காரும். கையில் எண்ணெயோ லோஷனோ இருக்கிறதா என்றும் பாருங்கள். புது ஒயரில் ஒரு வழவழப்பு இருக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே பாதி சரியாகும்.

ஒரு முடிச்சு மட்டும் தளர்வு, எத்தனை முறை இறுக்கினாலும் அவிழ்கிறது. அந்த முடிச்சு திரும்பிவிட்டது. பக்கத்து முடிச்சுகளோடு ஒத்துப் பார்த்தால் இது மட்டும் வேறு முகம் காட்டும். கூடையைத் திருப்பி உள்பக்கத்தையும் பாருங்கள், அங்கே இன்னும் நன்றாகத் தெரியும். இறுக்கிச் சரிசெய்ய முடியாது. அவிழ்த்து மறுபடி போட வேண்டும். அதே வரிசையில் தாண்டி வந்துவிட்டீர்கள் என்றால் அந்த இடம் வரை அவிழ்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரு வரிசை முழுக்கத் தளர்வு, மேலும் கீழும் இறுக்கம். வேறு கை பின்னியிருக்கும், அல்லது பிள்ளை தூக்கக் கலக்கத்தில் பின்னியிருக்கும். இதற்கு அவிழ்க்க வேண்டாம். வரிசையின் முதல் முடிச்சில் கோணூசியை விட்டு ரன்னிங் ஒயரைக் கொஞ்சம் நெம்பி எடுங்கள். ஒரு சிறு வளையம் மேலே எழும். அந்த உபரியை அடுத்த முடிச்சுக்குத் தள்ளி, முதல் முடிச்சை இறுக்குங்கள். இப்போது அடுத்த முடிச்சில் வளையம் இன்னும் கொஞ்சம் பெரிதாக எழும். இப்படியே ஒவ்வொன்றாக உபரியை ஓட்டிக்கொண்டு போனால் கடைசி முடிச்சைத் தாண்டி அரைச் சாண், ஒரு சாண் ஒயர் மிச்சமாக வெளியே வரும். அவசரப்பட்டு நடுவில் இரண்டு முடிச்சைத் தாண்டி இழுத்தால் உபரி எங்கே போனது என்று தெரியாது. பத்து வயதுப் பிள்ளைகூட இதைப் பொறுமையாகச் செய்யும். சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்குப் பின்னுவதைவிட இதுதான் பிடிக்கிறது.

## டேபிள் மேட் தட்டையாகப் படுக்கவில்லை, கூடையின் அடி தொப்பை போடுகிறது

தரையில் வைத்து நடுவில் அழுத்துங்கள்.

நடு எழும்பி நிற்கிறது, அழுத்தினால் டப்பென்று உள்ளே போகிறது. ஓர வரிசைகள் இறுக்கம், நடு வரிசைகள் தளர்வு. பின்னத் தொடங்கும்போது பயந்து தளர்வாகப் போட்டு, கை பழகியதும் இறுக்கமாகப் போடுவதால் வருவது. நடு வரிசைகளில் மேலே சொன்ன மாதிரி உபரியை ஓட்டி எடுங்கள்.

நடு படுத்திருக்கிறது, ஓரம் அலை அலையாக எழும்புகிறது. இதற்கு நேர்மாறு. ஓர வரிசையில் ரன்னிங் ஒயர் அதிகம். அங்கேயிருந்து ஓட்டி எடுங்கள்.

எதிரெதிர் இரண்டு மூலை மட்டும் தூக்கி நிற்கிறது. முடிச்சு எண்ணிக்கையைப் பாருங்கள். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கைதானா? ஒன்றில் ஒரு நெடுக்கு ஒயர் விட்டுப்போயிருக்கலாம், அல்லது இரண்டு ஒயரைச் சேர்த்து ஒரே முடிச்சில் பிடித்திருக்கலாம். எண்ணிக்கை சரியென்றால் மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்துப் பாருங்கள். கட்டில் சட்டம் சரிபார்க்கத் தச்சர் பிடிப்பாரே, அதே மாதிரி. இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீளமான மூலைகளைப் பிடித்து உள்நோக்கி அழுத்தி, சுடுநீர் ஊற்றி, மேலே பலகையும் பாரமும் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். பி.வி.சி. ஒயரில் இது நன்றாக வேலை செய்யும்.

டேபிள் மேட்டில் கொஞ்சம் கோணல் இருந்தால் விட்டுவிடலாம், பிள்ளையின் முதல் வேலைதானே. கூடையின் அடியில் விடக் கூடாது. அடியில் ஒரு விரல் கோணல், வாயில் கையளவு கோணல்.

## கூடை ஒரு பக்கம் சாய்கிறது, முறுக்கிக்கொண்டு ஏறுகிறது

என்னிடம் அதிகம் வருவது இதுதான். அவசரப்பட்டு அவிழ்க்காமல் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், தரை சமமா என்று பாருங்கள். சாணி மெழுகிய திண்ணையிலும் பழைய சிவப்புத் தரையிலும் நல்ல கூடையும் சாய்ந்து தெரியும்.

அடுத்தது, நாலு மூலையிலும் உயரத்தை டேப் வைத்து அளங்கள். ரன்னிங் ஒயர் வெட்டாமல் சுற்றிச் சுற்றி ஏறும் கூடையில், தொடங்கிய மூலைக்கும் முடித்த மூலைக்கும் ஒரு முடிச்சு உயரம் வித்தியாசம் வருவது இயல்பு. அது கோளாறே இல்லை, கடைசி வரிசையில் சரிக்கட்டிவிடலாம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் வேலை.

மூன்றாவது, ஒவ்வொரு பக்கத்திலும் வரிசைகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் ஒன்பது, எதிர்ப்பக்கம் பத்து என்று வந்தால், எங்கோ பாதிச் சுற்றில் திரும்பிப் பின்னியிருக்கிறார்கள். மாலையில் வைத்துவிட்டு மறுநாள் எடுக்கும்போது பிள்ளைகள் எதிர்த்திசையில் தொடங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. வைக்கும்போது கடைசி முடிச்சில் ஒரு துணி கிளிப்பும், போக வேண்டிய பக்கம் பார்த்து ஒரு நூல் முடிச்சும் போட்டு வைத்தால் இது வராது. வந்துவிட்டால், திரும்பிய இடம் வரை அவிழ்த்தே ஆக வேண்டும்.

நாலாவது, எண்ணிக்கை எல்லாம் சரி, ஆனாலும் நெடுக்குக் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கூடை முறுக்கினாற்போல் இருக்கிறது என்றால், அது கை இழுப்பு. வலது கைப்பழக்கம் உள்ளவர்கள் ஒவ்வொரு முடிச்சையும் கொஞ்சம் வலப்பக்கம் இழுப்பார்கள். ஒரு முடிச்சில் தெரியாது. பத்து வரிசையில் தெரியும். பின்னுவதை நிறுத்தாமலே இதைச் சரிசெய்யலாம். அடுத்த இரண்டு மூன்று வரிசைக்கு, முடிச்சு உட்கார்ந்ததும் நெடுக்கு ஒயரை இடப்பக்கமாகச் சாய்த்து ஒரு இழு இழுங்கள். அதற்குள் கோடு நேராகிவிடும். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கூடையைப் பின்னினால், வரிசைக்கு ஒருமுறை இடம் மாறி உட்காரச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, மேலே எதுவும் இல்லையென்றால் அடிதான். அடியைக் கவிழ்த்து நூல் பிடித்துக் குறுக்களவு பாருங்கள். அடி கோணல், பக்கம் நாலு வரிசைதான் ஏறியிருக்கிறது என்றால் அவிழ்த்து அடியைச் சரிசெய்யுங்கள். முக்கால் கூடை முடிந்துவிட்டது என்றால், அடிக்குச் சரியாக உட்காரும் அட்டைப்பெட்டி ஒன்றைப் பாலிதீன் பையில் சுற்றி உள்ளே திணித்து, வெளியிலிருந்து கை பொறுக்கும் சுடுநீரை ஊற்றி, பெட்டிக்குள் பாரம் வைத்து ஆறவிடுங்கள். முழுதாக நேராகாது. கண்ணை உறுத்தாத அளவுக்கு வரும்.

மேலே போகப் போக வாய் குறுகுகிறது. மூலையில் திரும்பும்போது ரன்னிங் ஒயரை விசையாக இழுக்கிறீர்கள். அதே அட்டைப்பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டே பின்னுங்கள். பெட்டியைத் தாண்டி இழுக்க முடியாது, அதனால் அளவு தானாக நிற்கும்.

வாய் விரிகிறது. முடிச்சு தளர்வு. கை சோர்ந்திருக்கிறது. பிள்ளையைக் கொஞ்சம் விளையாட விடுங்கள்.

## மூலையில் ஓட்டை விழுகிறது

அடி முடிந்து பக்கம் ஏறும் முதல் சுற்றில் மட்டும் பாருங்கள். வேறு எங்கேயும் தேட வேண்டாம்.

நீளப்பக்கத்தின் கடைசி முடிச்சுக்கும் அகலப்பக்கத்தின் முதல் முடிச்சுக்கும் நடுவில் ரன்னிங் ஒயர் தொங்குகிறதா? அப்படியானால் கோணூசியால் உபரியை ஓட்டி எடுத்துவிடலாம். தொங்கவில்லை, இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் விரல் நுழைகிறது என்றால், மூலையில் ஒரு நெடுக்கு ஒயரைத் தாண்டிவிட்டீர்கள். விட்டுப்போன அந்த ஒயர் கூடையின் உள்பக்கம் தனியாக நிற்கும், தேடிப் பாருங்கள். கூடை முடிந்துபோயிருந்தால், நாலு மூலைக்கும் சேர்த்து அடியில் ஒரு துண்டு ஒயரைக் குறுக்காகச் செருகி அடைத்துவிடலாம். நாலு மூலையிலும் ஒரே மாதிரி செருகினால், வேண்டுமென்றே போட்ட அலங்காரமாக நிற்கும்.

## பாதியில் ஒயர் தீர்ந்துவிட்டது

பழைய பெட்டியில் ஒயர் கணக்கு யாருக்கும் தெரியாது. அதனால் தொடங்கும் முன்பே ஒரு அளவு எடுத்துவிடுங்கள். ஒரு ஒயரில் ஒரு முழத்துக்கு மையால் குறி வைத்து, பத்து முடிச்சுப் போட்டு, எவ்வளவு ஒயர் செலவானது என்று பாருங்கள். உங்கள் கைக்கு, அந்த ஒயருக்கு அதுதான் கணக்கு. பிறர் சொல்லும் முழக்கணக்கு உங்கள் கைக்குச் சரியாக வராது. இறுக்கமான கைக்கும் தளர்வான கைக்கும் ஒரு கூடையில் ஒயர் செலவு நன்றாகவே மாறும்.

தீர்ந்தது ரன்னிங் ஒயர். பழைய நுனி ஒரு சாண் மிச்சம் இருக்கும்போதே புது ஒயரைச் சேர்த்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து நாலைந்து முடிச்சு சேர்த்தே ஓட்டி, நுனிகளை உள்பக்கம் விட்டு, பிறகு வெட்டுங்கள். முடி போட்டு இணைக்க வேண்டாம், அந்த இடம் கட்டியாக நிற்கும், உள்ளே வைக்கும் துணி மாட்டும். மூலையில் இணைப்பு வரக் கூடாது. கைப்பிடி வரும் இடத்திலும் கூடாது.

தீர்ந்தது நெடுக்கு ஒயர். ஒன்றிரண்டு மட்டும் குட்டையாக இருந்தால், புதுத் துண்டைக் கோணூசியால் உள்பக்கமாகக் கீழே நாலைந்து முடிச்சு வரை செருகி இறக்கி, பழையதோடு சேர்த்துப் பின்னுங்கள். எல்லாமே குட்டை என்றால் இணைத்துக்கொண்டு போகாதீர்கள். கூடையைக் குட்டையாக முடித்துவிடுங்கள். உயரம் குறைந்த கூடை தேங்காய், வெங்காயம் போட்டு வைக்க நன்றாகத்தான் இருக்கும்.

அதே நிறம் கிடைக்கவில்லை. தேடி அலைய வேண்டாம். கிட்டத்தட்ட அதே நிறம் வாங்குவதுதான் கண்ணுக்கு உறுத்தும். முற்றிலும் வேறு நிறத்தில் வாங்கி, பட்டையாக நாலு வரிசை ஓட்டுங்கள்.

## கட்டம், டிசைன் ஒரு இடத்தில் மாறிப்போனது

நிறம் மாற்றிய வரிசையிலிருந்து எண்ணுங்கள். ஒற்றைப்படை முடிச்சு உள்ள சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்று நிறம் போட்டால் எங்கோ ஒரு இடத்தில் ஒரே நிறம் இரண்டு பக்கம் பக்கமாக வந்தே தீரும். அது பிழை இல்லை, கணக்கு. பின்பக்க மூலைக்கு அதைத் தள்ளிவிடுங்கள். சிவன் கண், நெல்லிக்காய் என்ற சிக்கலான முடிச்சு வகைக் கூடைகளை, சாதா முடிச்சில் ஒரு கூடை முடிக்காத பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம்.

## ஓரம் பிரிகிறது, கைப்பிடி கழன்று வருகிறது

ஓரம் பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நுனியைச் சிக்கனமாக வெட்டிவிட்டார்கள். கடைசி வரிசை முடிந்ததும் ஒவ்வொரு நெடுக்கு ஒயரையும் உள்பக்கமாக மடித்து, குறைந்தது மூன்று முடிச்சுக்குள் செருகி இழுத்த பிறகுதான் வெட்ட வேண்டும். பிரிந்த ஓரத்தில் நுனி ஒரு முடிச்சுக்காவது எட்டினால் மூக்குக் குறட்டால் இழுத்துச் செருகலாம். எட்டாவிட்டால் மேலே இரண்டு வரிசையை அவிழ்த்து, கூடையை அந்த அளவுக்குக் குட்டையாக்கி, நீளமாகிவிட்ட நுனிகளைச் செருகுங்கள். பசை போட்டு ஒட்டுவது நிற்காது.

கைப்பிடிக்கு வருவோம். கூடை முடிந்ததும், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை உள்ளே வைத்துத் தூக்கி நடந்து பாருங்கள். நாலு கிலோ. கைப்பிடி இறங்கும் இடத்தை அப்போது கவனியுங்கள்.

கைப்பிடி நீள்கிறது, ஆனால் கூடை நன்றாக இருக்கிறது. கைப்பிடிக்குள் ஓடும் ஒயர் போதாது. இன்னும் இரண்டு ஒயர் உள்ளே கொடுத்து மேலே சுற்றிப் பின்னுங்கள்.

கைப்பிடி இறங்கும் இடத்தில் கூடையின் வாய் கூம்புகிறது. கைப்பிடியை மேல் வரிசையில் மட்டும் மாட்டியிருக்கிறார்கள். நாலைந்து வரிசை கீழே இறக்கி, அங்கே மடித்து, மேலே கொண்டுவந்து பின்ன வேண்டும். முடிந்தால் அடி வரைக்கும் இறக்கிவிடுங்கள்.

கைப்பிடி மாட்டிய முடிச்சே கிழிந்துவிட்டது. இதை வீட்டில் செய்யாதீர்கள். கிழிந்த நெடுக்கு ஒயரை அடியிலிருந்து மாற்ற வேண்டும்; பழகாத கையில் பக்கத்து முடிச்சுகளும் சேர்ந்து போய்விடும்.

## பிள்ளைக்கு விரல் வலிக்கிறது, தோல் கிழிகிறது

வெட்டிய நுனி சாய்வாக, கூராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், நேராக வெட்டிவிடுங்கள். ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று பிளாஸ்திரி சுற்றிவிடலாம். அதற்கும் வலித்தால் ஒயர் அந்தக் கைக்கு விறைப்பு. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் முடிச்சை விட்டுவிட்டு, அகலமான காகிதப் பட்டையில் தட்டைப் பாய் பின்னக் கொடுங்கள். பழைய காலண்டர் தாள் நன்றாக இருக்கும். மேல், கீழ் என்ற கணக்கு கைக்கு வந்தபிறகு ஒயருக்கு வரட்டும்.

## எப்போது ஆளிடம் கொண்டு போவது, எப்படிக் கொண்டு போவது

கைப்பிடி முடிச்சு கிழிந்தது, அடியின் நடுவில் ஒயர் அறுந்தது, சிவன் கண் மாதிரிக் கூடையில் நடு வரிசை விட்டுப்போனது. இந்த மூன்றுக்கும் பின்னிப் பழகியவர் கை வேண்டும். ஒயர் விற்கும் கடையில் கேட்டால், வீட்டிலிருந்தே ஆர்டருக்குப் பின்னும் அக்காக்கள் யாரையாவது சொல்வார்கள். கூடை உறுதியாக இருந்து, கைப்பிடி மட்டும் போயிருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தோல் பட்டையோ நைலான் பட்டையோ வைத்துத் தைத்துக்கொள்ளலாம்; செலவும் குறைவு, பலமும் அதிகம்.

போகும்போது மிச்சம் இருக்கும் ஒயர் எல்லாவற்றையும், ஒரு சாண் துண்டானாலும், எடுத்துப் போங்கள். பிரிந்து தொங்கும் நுனிகளை அழகுக்காக வெட்டாதீர்கள். அந்த நுனியில்தான் அவர் வேலையைத் தொடங்க வேண்டும். ஒயர் பழையது, வெடிக்கலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். அவர் மடித்துப் பார்த்துவிட்டு, மாற்றும் ஒயருக்குத் தனியாகவும் கூலிக்குத் தனியாகவும் சொல்வார். புதுக் கூடையின் விலைக்கு மேல் போனாலும், வீட்டில் பெரியவர்கள் பின்னிய அடி அப்படியே இருக்கிறது என்றால் நான் சரிசெய்யத்தான் சொல்வேன். அடி நொறுங்கிவிட்டது என்றால் பழைய கைப்பிடியை மட்டும் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை அடுத்துப் பின்னும் கூடைக்கு அதை மாட்டலாம்.